அந்த ஏழு பேரில் நான் உண்டா?

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை பக்கம் போகும் பாசஞ்சர் வண்டியில் நீங்கள் எப்போதாவது ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். பெட்டியில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். மடியில் பெரிய ஸ்கேன் கவர், கையில் மஞ்சள் பை, பைக்குள் மாத்திரை. யார் எந்த டாக்டரைப் பார்த்தார்கள், அவர் என்ன சொன்னார், எவ்வளவு செலவு என்பதெல்லாம் குடியாத்தம் வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். ரயிலில் ரகசியம் கிடையாது.

அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். அக்கா, தங்கை. அக்காவுக்கு 45 வயது இருக்கலாம். ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதில் உட்காரவில்லை. உள்பக்கம் ஒடுங்கி, முந்தானையால் வலது கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பல் வலியாம்மா?" என்று கேட்டேன். தங்கைதான் பதில் சொன்னார்.

"அக்கா பேசாது சார். பேசினா வலி புடிச்சிக்கும். காத்து பட்டாலும் புடிச்சிக்கும். பல்லு வலின்னுதான் நாங்களும் நெனைச்சோம். நாலு பல்லு புடுங்கியாச்சு. வலி மட்டும் போகல."

அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பவர். ஒன்பது வருஷமாக இந்த வலி. கன்னத்தில் கரண்ட் கம்பியை வைத்த மாதிரி சுரீர் என்று வரும். சில விநாடிதான். அப்புறம் போய்விடும். மறுபடி வரும். பல் தேய்க்க முடியாது. சோற்றைக் கரைத்துக் குடிக்க வேண்டும். கடைசியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தலைக்குள்ளே ஒரு நரம்பின்மேல் ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் செய்யலாம், பத்துப் பேருக்குச் செய்தால் ஏழு பேருக்கு நன்றாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதுவரை வாயைத் திறக்காத அக்கா, உதட்டை அதிகம் அசைக்காமல் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஏழுல நான் இருப்பேனா, மூணுல இருப்பேனா? அதை யாரும் சொல்ல மாட்டேன்றாங்களே சார்."

எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு உங்களிடம் அதைத்தான் இறக்கி வைக்கப் போகிறேன்.

அந்த அம்மாவுக்கு வந்திருப்பதன் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அதை இடித்துக்கொண்டே இருக்கும். வயரின் மேலுறை தேய்ந்துபோனால் ஷாக் அடிக்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சை வைத்துப் பிரித்துவிடுவதுதான் ஆபரேஷன். இந்த முறையைப் பரப்பியவர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் ஜன்னெட்டா. அவரிடம் 20 ஆண்டுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 1,185 பேரின் கணக்கு 1996-ல் வெளியானது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் 100-க்கு 70 பேர் மாத்திரையும் இல்லாமல், வலியும் இல்லாமல் இருந்தார்கள். டாக்டர்கள் சொல்லும் 'பத்துக்கு ஏழு' வானத்திலிருந்து விழுந்ததல்ல, இந்த மாதிரிக் கணக்குகளிலிருந்து வருவது.

ஆனால் அந்த அம்மாவின் கேள்வி வேறு. பத்துக்கு ஏழு என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. வலிப்பது ஒரு கன்னம். அந்தக் கன்னத்தில் 70 சதவிகிதம் வலி குறையப் போவதில்லை. ஒன்று போகும், அல்லது திரும்பி வரும். கூட்டத்தைப் பற்றி டாக்டர் சொன்னது முழுக்க உண்மை. இருந்தும் அந்த ஒருத்திக்கு அதில் பதில் இல்லை.

அப்படியானால் முன்கூட்டியே எதுவுமே சொல்ல முடியாதா? ஓரளவு சொல்லலாம். சுரீர் என்று வந்து போகும் வலியா, அல்லது நாள் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும் வலியா? முதல் வகைக்கு இந்த ஆபரேஷன் நன்றாகக் கேட்கிறது, இரண்டாவதற்கு அவ்வளவாக இல்லை. கார்பமசெபின் மாத்திரை ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்ததா? செய்திருந்தால் நல்ல அறிகுறி. ஸ்கேனில் தமனி நரம்பை அழுத்திப் பள்ளமாக்கியிருக்கிறதா? அதுவும் நல்ல அறிகுறி. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் 'பத்துக்கு ஏழு' ஒருவருக்கு எட்டரை ஆகலாம், இன்னொருவருக்கு ஐந்தாகலாம்.

இதுவரை சரி. எனக்கு உறுத்தியது அடுத்த விஷயம்தான்.

அதே 1996 கணக்கில், யாருக்கு வலி திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்றும் பார்த்திருக்கிறார்கள். அழுத்துவது தமனியாக இல்லாமல் சிரையாக இருந்தவர்களுக்கு. ஆபரேஷன் முடிந்த உடனேயே வலி நிற்காதவர்களுக்கு. பெண்களுக்கு. அப்புறம், எட்டு வருஷத்துக்கு மேல் வலியோடு இருந்தவர்களுக்கு.

எட்டு வருஷம். ரயிலில் பார்த்த அம்மாவுக்கு ஒன்பது.

ஒன்பது வருஷம் அவர் ஏன் காத்திருந்தார்? சொகுசுக்கா? ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும். பல் பிடுங்குவது பக்கத்துத் தெருவில் நடக்கும், ஸ்கேன் அப்படியில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், பையன் டிப்ளமோ முடிக்கட்டும் என்று ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப்போட்டது. ஆக, 'வலி எத்தனை வருஷமாக?' என்று டாக்டர் கேட்கும் கேள்வி பார்வைக்கு மருத்துவக் கேள்வி. உள்ளே பார்த்தால் அது குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிய கேள்வியும்தான்.

இது முக வலியோடு நிற்கவில்லை. நாள் முழுக்க ஒரே மாதிரி மணிக்கட்டை வளைத்து வேலை செய்கிறவர்களுக்கு வரும் வலியைப் பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு, ராத்திரி தூக்கத்தில் விரல் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் கொஞ்சம் விடும். அதற்குச் சின்ன ஆபரேஷன் உண்டு, பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். ஆனால் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு வற்றிப்போன பிறகு வந்தால், முழுதாகத் தேறுவது கஷ்டம். தொழுநோயிலும் இப்படித்தான். நரம்பு வீங்கி, உணர்ச்சி போக ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையால் மீட்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். வெட்கத்தால் மறைத்து வைத்தவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள்.

நரம்பு மனிதர்களைப்போல நீண்ட நாள் பொறுத்துக்கொள்ளாது. பொறுத்துக்கொண்ட மனிதர்களுக்குத்தான் நரம்பு தண்டனை கொடுக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்புகளில் ஒரு வேலை உண்டு. பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாம் அனுபவப்பட்ட கைக்கு உடனே தெரிந்துவிடும். தழும்பு அதிகமிருந்தால் தரம் இறங்கும். அந்த மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது, யார் அதை அடித்தார்கள் என்று மேஜையில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அது தோல்.

ஆனால் நோயாளியைப் பார்க்கும்போது அப்படிக் கேட்காமல் இருக்கலாமா? 'பலன் கிடைக்கக்கூடியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆபரேஷன் செய்யுங்கள்' என்பது கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் அதன் அர்த்தம் என்ன? சீக்கிரம் வந்தவர், வேறு வியாதி இல்லாதவர், கவலை குறைந்தவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறவர் உள்ளே போவார். வாழ்க்கை ஏற்கெனவே கிழித்துப் போட்டவர் வெளியே நிற்பார். முதலில் காத்திருக்க வைத்தோம், பிறகு காத்திருந்ததையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிறோம்.

'அப்படியானால் எல்லோருக்கும் செய்துவிட வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் நியாயமில்லை. மண்டையைத் திறப்பது விளையாட்டு அல்ல. சிலருக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் போகலாம், முகம் மரத்துப்போகலாம். அபூர்வமாக பக்கவாதமும் உயிராபத்தும்கூட உண்டு. பலன் கிடைக்காது என்று தெரிந்தே கடன் வாங்க வைத்துக் கத்தி வைப்பவரைவிட, 'வேண்டாம்மா' என்று சொல்பவர் நல்ல டாக்டர். வேலூரில் கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொண்டு 'எப்படியாவது செஞ்சுடுங்க சார்' என்பவர்களை டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். அங்கே இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. கணக்கும் வேண்டும்.

ஆக, கணக்கு வேண்டும், ஆனால் கணக்கு கதவாகிவிடக் கூடாது. எப்படி?

இந்த ஊரிலேயே ஒருவர் இதே முட்டுச்சந்தில் வந்து நின்றிருக்கிறார். பால் பிராண்ட் என்ற டாக்டர். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தலாம் என்று அவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். முன்கையில் நோய் தொடாத தசை எது என்று பார்த்து, அதன் தசைநாணை விரலுக்கு மாற்றிக் கட்டினார்கள். நரம்பு எந்த இடத்தில் சாகிறது, எந்தத் தசை தப்பிக்கிறது என்று கண்டுபிடித்ததால், யாருக்கு எந்த ஆபரேஷன் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. மருத்துவக் கணக்குப்படி பெரிய வெற்றி.

ஆனால் கை நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, 'இந்தக் கை பிச்சைக்கு உதவாது டாக்டர்' என்று சொல்லியிருக்கிறார்கள். மடங்கிய கையைப் பார்த்தால் ஜனங்கள் காசு போட்டார்கள். நேரான கைக்கு யாரும் போடவில்லை. பழைய தொழுநோயாளி என்று தெரிந்து யாரும் வேலையும் கொடுக்கவில்லை. ஆபரேஷன் வெற்றி, ஆனால் வயிறு காலி.

பிராண்ட் என்ன செய்தார்? 'இவர்கள் ஆபரேஷனுக்குத் தகுதியில்லாதவர்கள்' என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. தங்குவதற்குச் சின்னச் சின்னக் குடிசைகள் போட்டு, தச்சு வேலையும் மர பொம்மை செய்வதும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதாவது, பலன் கிடைக்காத ஆளை ஒதுக்காமல், பலன் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தைத் தேடிப்போனார்கள்.

யாருக்குப் பலன் கிடைக்கும் என்ற கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம். 'இவர் தேறுவாரா?' என்று கேட்டால் அது பரீட்சை. 'இவர் தேறுவதற்கு என்ன தடையாக இருக்கிறது?' என்று கேட்டால் அதுதான் வைத்தியம். கேள்வித்தாள் ஒன்றுதான். கேட்பவரின் மனசு வேறு.

கவலையும் மனச்சோர்வும் அதிகம் இருந்தால் நரம்பு வலிக்கான சிகிச்சைகள் சரியாகப் பலிப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பரீட்சை மனசு, 'இவருக்கு மனசு சரியில்லை, வேண்டாம்' என்று எழுதும். வைத்தியர் மனசு, 'முதலில் இந்தத் தூக்கமின்மையையும் பயத்தையும் கவனிப்போம், அப்புறம் மறுபடி பார்ப்போம்' என்று எழுதும். ஒன்பது வருஷம் சரியாகச் சாப்பிடாத பெண்ணுக்கு மனச்சோர்வு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

'முன்னால் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்தால் தப்பே வராதே' என்று தோன்றும். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி போகாதவர்களுக்கு, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. 1967-ல் ஆரம்பித்த முறை. விலை லட்சங்களில். அதனால் முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்து, வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பது வழக்கம். நல்ல யோசனைதான். ஆனால் 2020-ல் வெளியான ஓர் ஆங்கில நாட்டு ஆய்வில், இந்த ஒத்திகை பார்த்து வைத்தவர்களுக்கும் பார்க்காமல் நேராக வைத்தவர்களுக்கும் ஆறு மாதம் கழித்து வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் நார்வேயில் ஒத்திகையில் தேறிய 50 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாமல் கருவியைச் சில மாதம் ஓடவிட்டும் சில மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். அவர்கள் சோதித்த அந்த வகை மின்சாரத்துக்கு, ஓடினாலும் நின்றாலும் ஒரே பலன்தான்!

உடனே 'அப்படியானால் வலியே பொய்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலி நிஜம். நம் முன்கணிப்புதான் இன்னும் பால்குடி மாறாத குழந்தை. உலக வலி ஆராய்ச்சிச் சங்கம் 2020-ல் வலிக்கான தன் விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று கூடவே சேர்த்தது. இவ்வளவு பெரிய சங்கம் இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் மதிக்காமல் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். முன்கணிப்பு தப்பில்லை. அது நோயாளிக்குச் சொந்தமான தகவல், அவரிடம் மறைக்காமல் சொல்லப்பட வேண்டும். ஆனால் அது ஆபரேஷனுக்கு 'இல்லை' என்று சொல்லலாமே தவிர, ஆளுக்கு 'இல்லை' என்று சொல்லக் கூடாது. ஏழில் வருகிறவருக்கு டாக்டரின் கத்தி போதும். மூன்றில் வருகிறவருக்குத்தான் டாக்டரின் நேரம் வேண்டும். மாத்திரையை மாற்றிப் பார்க்க, ஊசி முறை ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க, ஒன்றும் இல்லையென்றால் அடுத்த மாதமும் வரச் சொல்லி உட்கார்ந்து கேட்க. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 'உங்களுக்குச் செய்ய முடியாது' என்பதோடு கேஸ் ஷீட் மூடப்படுகிறது. அந்த ஆள் எங்கே போனார் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு முடிவின் வாசலில் நின்றால், 'சரியாகுமா டாக்டர்?' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். என் வலி எந்த வகை, அந்த வகைக்கு இது எவ்வளவு தூரம் கேட்கும்? என் விஷயத்தில் சாதகம் எது, பாதகம் எது? பாதகங்களில் எதையாவது இப்போதே சரிசெய்ய முடியுமா? நான்காவது கேள்விதான் முக்கியம். இது பலிக்காவிட்டால், அதற்கப்புறமும் நீங்கள் என்னைப் பார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் 'பார்ப்பேன்' என்கிற டாக்டரிடம் கையைக் கொடுக்கலாம்.

டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. 'வலி போனால் என்ன செய்வீர்கள்?' அன்றைக்கு ரயிலில் நானும் அதைத்தான் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். தங்கை பதில் சொல்ல வாயெடுத்தபோது கையால் தடுத்தார்.

"ஜன்னலாண்ட உக்காருவேன் சார்."

ஆம்பூர் வந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டியபடி இறங்கிப் போனார். ஆபரேஷன் செய்துகொண்டாரா, ஏழில் வந்தாரா, மூன்றில் வந்தாரா, எனக்குத் தெரியாது. மூன்றில் வந்திருந்தாலும், ஒரு டாக்டராவது அவரை மறுபடி வரச் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.